உப்புப் போட்ட பச்சைத் தேத்தண்ணி

என் கணவர், கிளினிக்குக்குப் போனதைத் தவிர, மூன்று மாதத்துக்கு மேலாக எங்கள் ஒடுங்கிய தெருவை, இந்த ஒழுங்கையை, தாண்டவில்லை. காலில் ஒன்றும் இல்லை, கண்ணில் ஒன்றும் இல்லை. வயிற்றைக் கீறித் தைத்த காயம்கூட ஆறித் தழும்பாகிவிட்டது. அந்த மனிதரை வீட்டுக்குள் பிடித்து வைத்திருந்தது வெறும் தேத்தண்ணிதான். சொன்னால் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தேன், பிறகு எரிச்சல்பட்டேன், பிறகு பயந்துபோனேன்.

நான் கடற்கரை ஊரான குருநகரில் பிறந்து குருநகரிலேயே வாழ்க்கைப்பட்டவள். இருபத்திரண்டு வருடம் பாலர் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளை மேய்த்தேன். அதனால் குரல் கொஞ்சம் பெரிது. பொறுமை முழுவதையும் அங்கேயே செலவழித்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவள் என்று என் மகள் சொல்வாள். அது உண்மைதான். கணவருக்குக் கடல்தொழில். அவரும் அவருடைய கூட்டாளியும் ஒரே வள்ளத்தில் இருபது வருடம் போய்வந்தவர்கள். வள்ளம் இருவருக்கும் பாதிப் பாதி. மனுசிமாரோடு கதைத்ததைவிட அவர்கள் தங்களுக்குள் கதைத்தது கூட என்று நானும் அந்த அண்ணையின் மனைவியும் எத்தனையோ தரம் குறை சொல்லியிருக்கிறோம்.

போன வருடம் அவருக்குக் குடலில் ஒரு கட்டி. நல்ல காலம், பிழையான கட்டி இல்லை. ஆனால் குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், இனிமேல் இவருக்குப் பால் செமிக்காது, பால்மாவும் கூடாது என்று. கொஞ்சக் காலத்துக்கோ, ஆயுள் முழுக்கவோ, அதைப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டுமாம். வெறுந்தேத்தண்ணி கொடுத்துப் பார்த்தேன். நெஞ்செரிகிறது என்று வைத்துவிட்டார். சரி, தேத்தண்ணி இல்லாமல் மனிதர் சாகவா போகிறார் என்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அங்கேதான் பிழைவிட்டேன்.

ஐந்தாறு கிழமையில் அவருக்கு நடக்கத் தெம்பு வந்தது. ஒரு நாள் காலை, கரைப்பக்கம் போய்க் காற்று வாங்கிக்கொண்டு வாறன் என்று போனார். வள்ளங்கள் வந்து மீன் விலைப்பட்ட பிறகு, தேத்தண்ணிக் கடைக்காரர் ஒரு பெரிய யக்கு நிறையத் தேத்தண்ணி கொண்டுவருவார். பால்மா, சீனி எல்லாம் கலந்தே வரும். அதைத்தான் எல்லோரும் சுற்றி நின்று குடிப்பார்கள். இவரைக் கண்ட சந்தோசத்தில் அவர்கள் முதல் கோப்பையை இவர் கையில் கொடுத்துவிட்டார்கள். இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. குடித்தார்.

திரும்பி வரும் வழியில், மாதா சுருவம், அந்தச் சிலை, இருக்கிற தெரு முடக்கில், அவரால் அடக்க முடியாமல் போய்விட்டது. பட்டப்பகல். பின் ஒழுங்கையால் வந்து நேரே கிணற்றடிக்குப் போனவர் என்னை வரவேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் போனேன். இடுப்பில் கட்டியிருந்த சாறத்தை நான்தான் தோய்த்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டு, "மாதா மேலை ஆணையாச் சொல்லு. ஆருக்கும் சொல்லக்கூடாது. கூட்டாளிக்கும் சொல்லக்கூடாது" என்றார். நான் ஆணையிட்டுச் சொன்னேன். வேறு என்ன செய்வது, அந்த நேரத்தில் அந்த முகத்தைப் பார்த்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

அடுத்த மாதம் கூட்டாளியின் கடைசி மகளுக்குப் புது நன்மை, கோயிலில் முதல்தரம் நற்கருணை வாங்குகிற நாள். போகாமல் இருக்க முடியாது. போனோம். கேக்கை இவர் கைலேஞ்சித் துணிக்குள் மடித்துவிட்டார். தேத்தண்ணித் தட்டு வருவதைக் கண்டதும், "சரி, நாங்கள் வாறம்" என்று எழுந்துவிட்டார். தட்டோடு வந்தது கூட்டாளிதான். வாசலில் அப்படியே நின்றார். "என்ன மச்சான், தேத்தண்ணி குடியாமலோ?" என்று கேட்டார். இவர் செருப்பைத் தேடினார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி குடிக்காமல் எழும்ப முடியாது. இப்பதான் குடிச்சனான் என்று சொல்லலாம், ஆனால் அதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். பாதியாவது குடிக்க வேண்டும். குடிக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டோடு ஏதோ கோபம் என்றுதான் அர்த்தம். அதுவும் நல்ல காரியம் நடக்கிற வீட்டில், நாலு பேர் பார்க்க எழுந்து போவதென்றால், முகத்தில் அடித்ததுக்குச் சரி. அன்றைக்குப் பிறகு கூட்டாளி எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. இவரும் அன்றைக்கு வீட்டுக்குள் புகுந்தவர்தான், கோயிலுக்குக்கூட வரமாட்டேன் என்றார்.

"எனக்குப் பால் ஒத்துவராது எண்டு சொன்னால் முடிஞ்சுது. அதுக்கேன் இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"சொன்னால் என்ன நடக்கும் தெரியுமோ? வருத்தக்காரன் எண்டு பேர் வரும். பிறகு வள்ளத்திலை ஏத்தமாட்டாங்கள். பாவம் பாத்துக் கரையிலை இருத்திவைப்பாங்கள்."

இதில் பாதி உண்மை. கடலில் ஒருவருக்கு நடுவழியில் ஏலாமல் வந்தால் மற்றவருக்கும் ஆபத்து. அதனால் நோயில் விழுந்த வருத்தக்காரரைப் பற்றி ஆண்கள் கரையில் கதைக்கிற விதம் எனக்கும் தெரியும். ஆனால் மற்றப் பாதி வெறும் வெட்கம். வெட்கத்தோடு மல்லுக்கட்ட என்னால் முடியாது, நான் பாலர் வகுப்பு ஆசிரியை, பிள்ளை நனைத்தால் மாற்றிவிட்டுப் பாட்டுப் படிக்கச் சொல்கிறவள்.

மார்கழியில் யேசு பிறந்த நத்தாருக்கு மகள் கொழும்பிலிருந்து வந்தாள். அங்கே ஓர் அலுவலகத்தில் வேலை, இரண்டு சிநேகிதிகளோடு அறை எடுத்திருக்கிறாள். தகப்பன் மெலிந்துபோய் மூலையில் இருப்பதைப் பார்த்துவிட்டு என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். நான் சத்தியத்தை மீறவில்லை. பால் செமிக்கவில்லை, அதனால் ஒருவர் வீட்டுக்கும் போகிறாரில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் புத்திசாலி, மிச்சத்தைக் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து கைக்குள் அடங்குகிற ஒரு தகர டப்பாவும், ஓட்ஸ் பால் என்று எழுதிய ஒரு பெட்டியும், மூங்கிலால் செய்த ஒரு குட்டி மத்தும் எடுத்து வைத்தாள். டப்பாவுக்குள் பச்சை மா. மருதோன்றி இலையைக் காயவைத்து இடித்ததுபோல இருந்தது.

"இது மாச்சா, அம்மா. யப்பான்காரற்றை தேயிலை. இலையையே அரைச்சு மாவாக்கினது. நாங்கள் அறையிலை ஒவ்வொரு நாளும் லாட்டே போட்டுக் குடிக்கிறம். மாட்டுப்பால் ஒரு சொட்டும் வேண்டாம்."

அவள் போட்ட விதம் வடிவாகத்தான் இருந்தது. மாவை அரித்து, கொஞ்சம் சுடுதண்ணி விட்டு, மத்தால் அடித்து நுரை வரவைத்து, அதன் மேல் ஓட்ஸ் பாலைச் சூடாக்கி ஊற்றினாள். தகப்பனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உதென்ன, பாசித் தண்ணியோ?"

"குடிச்சுப் பாருங்கோவன் அப்பா."

"வள்ளத்துக்கு அடியிலை சுரண்டி எடுக்கிறதை என்னைக் குடிக்கச் சொல்லுறியோ?"

ஒரு வாய் வைத்தார். புல்லு மணக்கிறது என்றார். கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கோப்பையை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருப்பேன், நத்தார் என்றபடியால் விட்டுவிட்டேன். மகள் போகும்போது டப்பாவை என் கையில் வைத்துப் பொத்திவிட்டுப் போனாள்.

தை மாதம் கிளினிக்குக்குப் போனபோது டப்பாவையும் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, கொஞ்சமாகப் போட்டுக் கொடுத்துப் பாருங்கள், ஓட்ஸ் பால் கிடைக்காவிட்டால் தண்ணியான தேங்காய்ப்பால் விடலாம், கட்டிப்பால் வேண்டாம் என்றார். வெளியே வரும்போது கணவர் என்னிடம் சொன்னார், "வள்ளத்திலை என்ரை பாதியைக் கூட்டாளிக்கே விட்டுக்குடுப்பம் எண்டு யோசிக்கிறன். சும்மா கிடக்கிறதுக்கு அவன் வேறை ஆளைப் போட்டுத் தொழிலுக்குப் போகலாம்." சாதாரணமாக, கறிக்கு என்ன மீன் வாங்குவது என்று கேட்பதுபோலச் சொன்னார். பஸ்ஸில் முழு வழியும் நான் யன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். இவரைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகப் பயம் பிடித்தது. ஐம்பத்தாறு வயது மனிதர், தேத்தண்ணிக்குப் பயந்து கடலையும் கூட்டாளியையும் ஒன்றாக விடப் போகிறார்.

மறுநாளே நான் டப்பாவைத் திறந்தேன். எங்கள் வீட்டில் தேத்தண்ணியை வடிக்காமல் குடித்த ஆள் இல்லை. ஆகவே பச்சை மாவில் இரண்டு கரண்டி அள்ளித் தேத்தண்ணி வடிக்கிற துணிக்குள் போட்டு, கேத்திலில் கொதித்துக் குமுறிக்கொண்டிருந்த தண்ணியை மேலே ஊற்றினேன். கீழே கலங்கல் தண்ணி வந்தது. துணிக்குள் பச்சைச் சேறு தங்கிவிட்டது. சக்கை என்று நினைத்து அதைக் கறிவேப்பிலை மரத்தடியில் உதறிவிட்டேன். மகளை வீடியோவில் கூப்பிட்டு, "என்னடி இது, நிறமும் இல்லை, குணமும் இல்லை" என்றேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் போன் கைதவறி விழுந்து, கொஞ்ச நேரம் எனக்கு அவள் அறையின் முகடுதான் தெரிந்தது.

"அம்மா, அந்தச் சக்கைதான் தேத்தண்ணி. அதைத்தான் குடிக்கிறது. தண்ணி கொதிக்கவும் கூடாது, கொதிச்சால் கைக்கும்."

அடுத்த நாள் தேங்காய்ப்பாலில் போட்டேன். தண்ணியான பால் என்று டொக்டர் சொன்னதை மறந்துவிட்டு முதற்பாலைப் பிழிந்தேன், அதையும் கொதிக்கவிட்டேன். பால் திரைந்து எண்ணெய் மேலே மிதந்தது. பச்சையும் எண்ணெயுமாகப் பார்க்கவே முடியவில்லை. மூங்கில் மத்தையும் நான் சுடுதண்ணியில் ஊறப்போட்டு அது விரிந்துபோய்விட்டது. அதை மகளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. டப்பாவை அலுமாரியில் எறிந்து கதவைச் சாத்தினேன்.

பிறகு தவக்காலம் தொடங்கியது. ஒவ்வொருவரும் ஒன்றை விடுவார்கள், இறைச்சி, மீன், வெற்றிலை, சுருட்டு என்று. நான் பால்தேத்தண்ணியை விட்டேன். கடவுளுக்காக என்று கோயிலில் சொன்னேன். உண்மையைச் சொன்னால், மூன்று மாதமாகக் குசினிக் கதவைச் சாத்திவிட்டு அவருக்கு மணக்காமல் ஒளித்துக் குடித்துக் குடித்து எனக்கே வெட்கமாகிவிட்டது. பத்து நாள் ஆனதும் தலையிடி பொறுக்க முடியவில்லை. நாலு மணிக்குச் சூடாக ஏதாவது தொண்டையில் இறங்க வேண்டும்போல் இருந்தது. அலுமாரியைத் திறந்தேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் தேங்காய்ப்பால் சொதிக் குழம்புக்குப் பிழிந்ததில் மிஞ்சிய தேங்காய்ப்பூ சட்டியில் இருந்தது. இளஞ்சுடுதண்ணி விட்டு இன்னொரு தரம் பிழிந்தேன். நல்ல தண்ணியான கப்பிப்பால் ஒரு செம்பு வந்தது. அடுப்பில் மெல்லிய நெருப்பில் வைத்து, திரையாமல் ஒரு பக்கமாகவே துழாவி, ஆவி வரத் தொடங்கியதும் இறக்கினேன். மாவை ஒரு சின்னக் கரண்டி மட்டும் எடுத்து அரித்தேன். மத்துத்தான் இல்லையே, பழைய ஜாம் போத்தலுக்குள் மாவையும் ஒரு வாய் வெந்நீரையும் விட்டு, மூடியை இறுக்கி, தோள் நோகும்வரை குலுக்கினேன். நுரை நுரையாக வந்தது. அதைக் கோப்பையில் ஊற்றி மேலே பாலை விட்டேன். முதல் தரமாக அது மகள் போட்டதுபோல, குருத்து வாழையிலை நிறத்தில் வந்தது. எனக்கு நானே கை தட்டிக்கொள்ளாத குறை.

கோப்பையை எடுத்துப் போகும்போதுதான் உப்புச் சிரட்டை திறந்து கிடப்பதைக் கண்டேன். பாலை இறக்கும்போது உப்புப் போட்டிருக்கிறேன். நான் போட்டது எனக்கே தெரியாது. முப்பது வருடம் தினமும் சொதி வைக்கிற கை, தேங்காய்ப்பாலைக் கண்டால் உப்பைப் போட்டுவிட்டுத்தான் திரும்பும். சீனி போட வேண்டிய சாமானுக்கு உப்பு. சரிதான் போ என்று வாய்விட்டே சொல்லிவிட்டுக் கோப்பையை ணங்கென்று மேசையில் வைத்தேன். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்தச் சத்தத்துக்கு அவர் வந்தார். "என்னப்பா, என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. போங்கோ."

அவர் போகவில்லை. கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அதை எடுத்து ஒரு மிடறு குடித்தார் என்று நினைக்கிறேன். குடித்துவிட்டு நின்றார். இன்னொரு மிடறு குடித்தார்.

"சொதி மாதிரிக் கிடக்கு" என்றார்.

"உப்புப் போட்டுட்டன். குடியாதேங்கோ, வையுங்கோ."

"ஏன் வைப்பான்? நல்லாத்தானே கிடக்கு."

நின்ற நிலையிலேயே முழுக் கோப்பையும் முடித்தார். பிறகு பனங்கட்டிப் போத்தலைத் திறந்து ஒரு துண்டு எடுத்துக் கடித்துக்கொண்டு முன்னுக்குப் போனார். நான் பொழுதுபடும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், வயிறு ஏதாவது செய்கிறதா என்று. ஒன்றும் செய்யவில்லை. அடுத்த நாள் நாலு மணிக்கு அவரே குசினிக்குள் வந்து, "அந்தச் சொதித் தேத்தண்ணி இல்லையோ?" என்று கேட்டார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆனால் முகத்தில் காட்டவில்லை, காட்டினால் பிறகு பிகு பண்ணுவார்.

மகளிடம் சொன்னபோது, "உப்போ? லாட்டேக்கு உப்போ?" என்று வாயில் கைவைத்தாள். அடுத்த ஞாயிறு அவளும் அறையில் போட்டுப் பார்த்துவிட்டு, தன் சிநேகிதிகள் இரண்டு பேரும் இப்போது உப்புத்தான் கேட்கிறார்கள் என்று செய்தி அனுப்பினாள். ஒரு கிழமைக்குள் எங்களுக்கு ஒரு கணக்குப் பிடிபட்டுவிட்டது. மா ஒரு சின்னக் கரண்டிக்கு மேல் கூடாது. தண்ணி கேத்திலின் அடியில் சின்னக் குமிழ் வரும்போதே இறக்க வேண்டும். இரண்டு விரலால் கிள்ளிய உப்பு. சீனி வேண்டாம், பனங்கட்டியைப் பக்கத்தில் வைத்துக் கடித்துக் குடிக்க வேண்டும். போத்தல் குலுக்குகிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார். முகமும் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் ஒழுங்கையைத் தாண்டுகிறாரில்லை.

"பிளாஸ்கிலை விட்டுத் தாறன். கரைக்குக் கொண்டுபோய்க் குடியுங்கோ" என்றேன்.

"பச்சைத் தண்ணியைக் கரையிலை வச்சுக் குடிச்சால் நாலு பேர் என்னெண்டு கேப்பாங்கள். கேட்டால் என்ன சொல்லுறது?"

"உண்மையைச் சொல்லுங்கோ."

"நீ சத்தியம் செய்தனி."

"சொல்லப் போறது நானில்லை, நீங்கள்" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு யன்னல் சாத்தப்பட்டது.

அடுத்த நாள் காலை நானே கரைக்குப் போனேன், மீன் வாங்குவதுபோல. கூட்டாளி அங்கே நின்றார். என்னைக் கண்டதும் வலையைப் பார்க்கத் தொடங்கினார்.

"அண்ணை, வீட்டுப் பக்கம் காணேல்லை" என்றேன்.

"எங்கடை வீட்டுத் தேத்தண்ணி உங்கடை ஆளுக்கு இறங்காதாம். நான் ஏன் அங்கை வருவான், தங்கச்சி?"

 இரண்டு சொல் சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும். ஆனால் சத்தியம் விடவில்லை. "உங்கடை வீட்டிலை அவர் குடிக்கேல்லை, பிழைதான். நீங்கள் எங்கடை வீட்டிலை குடியுங்கோ. நாளைக்கு நாலு மணிக்குக் கேத்தில் வைப்பன். வராட்டில் நான் இஞ்சை வந்து கரையிலை நிண்டு கூப்பிடுவன்" என்றேன். என் குரல் அவருக்குத் தெரியும். வாறன் என்றார்.

கணவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலு மணிக்கு வாசலில் கூட்டாளியைக் கண்டதும் இவர் எழுந்து நின்றுவிட்டார். இருவரும் இருந்தார்கள். காற்றைப் பற்றி ஒரு சொல், புதிதாக வந்த பாதிரியாரைப் பற்றி ஒரு சொல், அவ்வளவுதான். இருபது வருடம் வாய் ஓயாமல் கதைத்த ஆட்கள். நான் தட்டில் இரண்டு கோப்பை வைத்துக் கொண்டுபோனேன். இரண்டும் பச்சை. கணவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கூட்டாளி கோப்பைக்குள் பார்த்தார். "உதென்ன தங்கச்சி?"

"தேத்தண்ணி அண்ணை" என்றேன். வேறு ஒரு விளக்கமும் கொடுக்கவில்லை.

அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் எழுந்து போனவர்மேல் மூன்று மாதம் கோபமாக இருந்தவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு இழுத்தார். நெற்றி சுருங்கியது. "உப்பு" என்றார். பிறகு மெல்ல மெல்ல முழுவதையும் குடித்தார். பனங்கட்டியை மட்டும் தொடவில்லை.

கணவர் தன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று, கோப்பையைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார். "எனக்குப் பால் ஒத்துவராது மச்சான். வெட்டினாப் பிறகு அப்பிடித்தான். கரையிலை அண்டைக்குக் குடிச்சுப்போட்டு, மாதா சுருவத்தடியிலை, நிண்டபடி சாறத்தோடை..." கோப்பையைக் கீழே வைத்தார். "அதுதான் உன்ரை வீட்டிலை எழும்பினனான்."

கூட்டாளி வெறுங்கோப்பையைத் தட்டில் வைத்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் கதைத்தார், குரலில் கோபம் இருந்தது.

"எனக்குச் சீனி வருத்தம் வந்து மூண்டு வருசம். அடக்க ஏலாது. வள்ளத்துக்குள்ளை எத்தினை தரம் சாறத்தை நனைச்சிருப்பன்? நீ ஒருநாளும் பாத்த மாதிரிக் காட்டேல்லை. வாளியாலை கடல்தண்ணி அள்ளிப் பலகையிலை ஊத்திப்போட்டு, வேறை கதை கதைப்பாய். கரையிலை ஒரு குஞ்சுக்கும் தெரியாது. நீ சொல்லேல்லை." நிறுத்தினார். "நான் சொல்லுவன் எண்டோ நினைச்சனி?"

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. கூட்டாளி கையை நீட்டி அவர் முழங்காலில் வைத்து அழுத்தினார். இத்தனை வருடத்தில் எனக்கு இந்த நீரிழிவுக் கதை தெரியாது. ஒரே கட்டிலில் படுக்கிற எனக்கு இவர் மூச்சுக்கூட விடவில்லை. அந்த நேரத்தில் எனக்கு இந்த மனிதரைப் பிடித்ததுபோல எப்போதும் பிடித்ததில்லை.

"கரையிலை அந்தச் சீனித் தேத்தண்ணியை நானும் வெக்கத்துக்குத்தான் குடிக்கிறன், தங்கச்சி" என்றார் கூட்டாளி, என் பக்கம் திரும்பி. "எனக்கும் உதிலை ஒரு பிளாஸ்க் போடு. பனங்கட்டி வேண்டாம்."

"நான் என்ன கடையோ வச்சிருக்கிறன்?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் விடிய நான் எழும்பிப் பால் பிழிந்தேன். அவர் போத்தலைக் குலுக்கினார், இரண்டு பிளாஸ்க் நிறைத்தோம். வேறு சாறம் ஒன்றைப் பையில் மடித்து வைத்தார், என்னிடம் மறைக்காமல். வள்ளங்கள் வருகிற நேரத்துக்குப் போனார். நான் பின்னால் போகவில்லை என்று சொன்னால் பொய். பத்து நிமிடம் விட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போய், ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றேன்.

மீன் விலைப்பட்டு முடிந்தது. கடைக்காரர் யக்கைக் கொண்டுவந்தார். ஆட்கள் சுற்றி நின்றார்கள், கோப்பைகள் கைமாறின, ஒரு கோப்பை என் கணவருக்கு நீண்டது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 

"எனக்குப் பால் ஒத்துவராது. வேண்டாம்" என்றார். நல்ல சத்தமாக, நான் நிற்கிற இடத்துக்கே கேட்டது.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்காரர் அந்தக் கோப்பையை அடுத்த ஆளிடம் கொடுத்தார். வள்ளத்தில் நின்ற ஒருவர், "அண்ணை, சும்மா நிக்காமல் இந்த வலையிலை ஒரு பக்கம் பிடியுங்கோ" என்று கூப்பிட்டார். என் கணவர் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணிக்குள் இறங்கினார்.